குழந்தைநூல் ஓவியர் ராண்டால்ப் கால்டிகாட்

குழந்தைகட்கென இயற்றப்பெற்ற நூலொன்றை நாம் கையிலெடுக்குங்கால் நம் கண்கள் முதற்கண் நாடுவன எழுத்துக்களல்ல, படங்களே. எழுத்தறியாப் பருவத்தில் நமக்குப் படமே நூல், படமே உரை. பின்னர் எழுத்துக் கற்று, இலக்கணங் கற்று, சூத்திரங்களோடும் விருத்தியுரைகளோடும் மல்லாடும் நிலையை எய்திய பின்னரும், இளமையிற் கண்ட ஒரு படம் நெஞ்சைவிட்டு நீங்காது நிற்றலை நம்மிற் பலர் அறிவர். ஆயினும் அப்படத்தை எழுதினார் யாவர் என வினவின் விடை கூறுவார் மிகச் சிலரே. பாட்டியற்றினார் பெயரைப் பொன்னெழுத்திற் பொறிக்கும் உலகம் அப்பாட்டிற்குக் கண் கொடுத்தார் பெயரைக் கடைப்பக்கத்தின் மூலையில் ஒதுக்கிவிடுகின்றது. அங்ஙனம் ஒதுக்குண்டு போகாமல், தம் பெயராலேயே நூல்கள் வழங்கும்படி வாழ்ந்த ஓவியர் ஒருவர் ஆங்கில நாட்டில் இருந்தார். அவர் ராண்டால்ப் கால்டிகாட் என்பார். நாற்பதாண்டு நிரம்புமுன் மறைந்த அவருடைய வாழ்வையும் தொழிலையும் ஈண்டு ஒருவாறு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

கால்டிகாட் 1846-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22-ஆம் நாள், செஸ்டர் என்னும் பழம்பதியிற் பிறந்தார். உரோமர் காலத்து மதிலும், பேராலயமும், மரத்தாற் கட்டிய பழைய வீடுகளும் நிறைந்த ஊர் அது. தந்தையார் கணக்குத் தொழிலிற் பயின்றவர். மக்கள் பலரையுடைய பெருங்குடும்பத்தின் தலைவர். மைந்தன் மரத்துண்டுகளில் விலங்குகளைச் செதுக்குவதையும், கிடைத்த தாளிலெல்லாம் குதிரை எழுதுவதையும் அவர் கண்டார். ஆயினும் அவை வயிற்றுக்குச் சோறிடா என்றே எண்ணினார். தந்தையரை நாம் இதன்பொருட்டுக் குறை கூறுதல் எளிது. பதின்மருக்கு மேற்பட்ட மக்களுக்குச் சோறளிக்க வேண்டியவர் நிலையில் நின்று நோக்கினால் அவர் சொல் அத்துணைப் பிழையாகத் தோன்றாது. சிறுவர் இளமையிற் கீல்வாதக் காய்ச்சலால் தாக்குண்டமையால் நெஞ்சுப்பை நலிவுற்றிருந்தது. செஸ்டரிலுள்ள அரசர் பள்ளியிற் கற்ற பின், பதினைந்தாம் வயதில், விட்சர்ச்சு என்னும் சிற்றூரில் ஒரு பாங்கியிற் கணக்கராக அமர்த்தப்பட்டார்.

அவ்வாண்டிலேயே, அஃதாவது 1861-இல், செஸ்டர் இருப்புப்பாதை நிலையத்தையடுத்த குயீன் ஓட்டல் தீப்பற்றி எரிந்தது. அக்காட்சியைச் சிறுவர் வரைந்தனுப்ப, லண்டனிலிருந்து வெளிவந்த பெரிய படச் செய்தியிதழொன்று அதனை அச்சிட்டு வெளியிட்டது. அச்சில் ஏறிய அவருடைய முதற்படம் அதுவே. பதினைந்து வயதில் இத்தகைய பேறு வாய்த்தால் நம்மனோர் வேலையைத் துறந்து மறுநாளே தலைநகருக்கு வண்டியேறிவிடுவோம். கால்டிகாட் அவ்வாறு செய்திலர். பதினொராண்டு பாங்கியிலேயே பணிபுரிந்தார்.

அப்பதினொராண்டும் வீண்போயின என்று கருதற்க. விட்சர்ச்சில் அவர் நகர்ப்புறத்துப் பண்ணை வீடொன்றில் தங்கியிருந்தார். பணி முடிந்தால் மீன் பிடித்தலும், குதிரை ஏறுதலும், வேட்டைநாய்களின் பின்னே வேலிதாண்டிச் செல்லுதலும், கால்நடைச் சந்தையிற் சுற்றித் திரிதலுமாகப் பொழுது கழியும். உழவன் கால்வைத்து நடக்கும் நடை, பசு தலைதிருப்பும் பான்மை, பன்றி சேற்றிற் புரளும் இன்பம், ஓடுங் குதிரையின் குளம்புகள் நிலத்தைவிட்டெழும் முறை ஆகிய இவையனைத்தும் அவர் கண்வழிப் புகுந்து கைக்கண் தங்கின. பாங்கியின் ரசீதுகளின் பின்புறமும், மையொற்றுத் தாள்களும், உறைகளும் அவர்க்கு ஓவியப் பலகைகளாயின. பிற்காலத்தில் ஆங்கிலக் குழந்தைகள் கண்டு களித்த நாட்டுப்புறமெல்லாம் இக்கணக்கர் பேரேட்டினருகே அமர்ந்து சேமித்த செல்வமே என்க.

ஆறாண்டுகட்குப்பின் மாஞ்செஸ்டர் மாநகரிலிருந்த பெரிய பாங்கிக்கு மாற்றப்பட்டார். பஞ்சாலைப் புகை வானை மறைக்கும் நகர் அது. ஆங்கு இரவு வேளைகளில் ஓவியப் பள்ளியிற் பயின்றார்; உள்ளூர் நகையிதழ்களுக்குப் படங்கள் அளித்தார். 1870-இல் லண்டனிலிருந்த தாமஸ் ஆம்ஸ்ட்ராங்கு என்னும் ஓவியரின் நட்புக் கிடைத்தது. அவர்வாயிலாக என்றி பிளாக்பர்ன் என்னும் இதழாசிரியர் அறிமுகமாயினார். அவ்விதழில் 1871-இல் கால்டிகாட்டின் படங்கள் வெளிவந்தன. இனிக் கையையே நம்பி வாழலாம் என்னும் துணிவு பிறந்த பின்னரே, 1872-இல், தம் இருபத்தாறாம் வயதில் பாங்கியை விட்டு லண்டன் புகுந்தார். நோயுற்ற உடலும் நிலையற்ற வருவாயும் உடைய ஒருவர் மாதந்தவறாது வரும் சம்பளத்தைத் துறத்தல் எளிய செயலன்று. அதனை அவர் எண்ணாது செய்திலர். ஆண்டுகள் பல எண்ணிச் செய்தார். நமக்கு அவர்பால் மதிப்பு மிகுவது இவ்விடத்தேயாம்.

லண்டனில் அவர் தங்கிய இல்லம் பிரிட்டிஷ் அரும்பொருட்சாலைக்கெதிரே இருந்தது. ஏழாண்டு அவ்விடத்திருந்து இதழ்களுக்கும் நூல்களுக்கும் படம் எழுதினார். தாலூ என்னும் பிரெஞ்சுச் சிற்பியிடம் களிமண்ணில் உருவமைக்கக் கற்றார். லெய்டன் என்னும் பேரோவியரின் மாளிகையில் அராபிய மண்டபத்துத் தூண்தலைப்புக்களுக்கு வடிவமைத்துக் கொடுத்தார். 1876-இல் அவருடைய வண்ணவோவியம் ஒன்று அரசவை ஓவியக் கழகக் காட்சியில் இடம்பெற்றது. எனினும் அவர் பெயரை நாடறியச் செய்தது அமெரிக்க ஆசிரியர் வாஷிங்டன் இர்விங்கின் கிறிஸ்துமஸ்க் கட்டுரைகளுக்கு அவர் எழுதிய படத்தொகுதியே. நூற்றுக்கு மேற்பட்ட அப்படங்களிற் பழைய கிராமப் பெருமகனார் வீட்டு விருந்தும், கோச்சு வண்டியும், பனிக்காலத்து அடுப்பங்கரையும் உயிர்பெற்று விளங்கின.

அந்நூலைக் கண்டு மகிழ்ந்தார் ஒருவர் உளர். அவர் எட்மண்டு எவன்ஸ் என்னும் அச்சுத் தொழிலறிஞர். எவன்ஸைப் பற்றிச் சிறிது விரித்துரையாவிடின் கால்டிகாட்டின் வரலாறு விளங்காது. அக்காலத்துக் குழந்தைப் படநூல்கள் பெரும்பாலும் மட்டமானவை. கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள் கோடுகளைத் தாண்டி வழிய, முகங்கள் எல்லாம் பொம்மை முகங்களாய் நிற்கும். குழந்தைதானே, எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் என்பது பதிப்பாளரின் எண்ணம். எவன்ஸ் அதனை உடன்பட்டிலர். மலிவான நூலும் அழகாயிருத்தல் கூடும். பெருந்தொகையாக அச்சிட்டால் விலை குறையும். விலை குறைந்தால் பலர் வாங்குவர் என்பது அவர் கொள்கை. இக்கொள்கையை மெய்ப்பிக்க முதலில் அவர்க்குத் துணைநின்றவர் வால்டர் கிரேன் என்னும் ஓவியர். கிரேன் தம் படங்களுக்கு ஒருமுறைக் கூலியே பெற்றார். விற்பனையில் சிறு பங்கு கேட்டபோது பதிப்பாளர் இணங்கிலர். அவர் அத்தொழிலினின்று விலகவே, எவன்ஸ் 1877-இல் கால்டிகாட்டை நாடிவந்தார்.

பாங்கியில் கற்ற கணக்கு இங்கே பயன்பட்டது. நூல் விற்றால் எனக்குப் பங்கு, விற்காவிடின் எனக்கு யாதும் வேண்டா என்னும் உடன்படிக்கையைக் கால்டிகாட் விரும்பினார். இதனைச் சூதாட்டம் என்பாரும் உளர். நமக்கோ, தம் தொழிலின் விளைவில் தமக்கு உரிமை உண்டென்று உணர்ந்த ஒருவரின் செயலாகவே தோன்றுகின்றது. 1878-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் ‘ஜாக் கட்டிய வீடு’, ‘ஜான் கில்பின்’ என்னும் இரு நூல்கள் ஒவ்வொன்றும் ஒரு ஷில்லிங் விலையில் வெளிவந்தன. முதற்பதிப்புப் பதினாயிரம் படிகள்; மறுபதிப்பு அச்சேறுமுன் அவை விற்றுத் தீர்ந்தன. அதுமுதல் 1885 வரை ஆண்டுக்கு இரண்டாகப் பதினாறு நூல்களை அவர் ஆக்கினார். 1884-ஆம் ஆண்டளவில் முதற் பன்னிரண்டு நூல்கள் மட்டும் 8,67,000 படிகள் விற்றிருந்தன. ஒரு ஷில்லிங் கூலியாளுக்குச் சிறு தொகையன்று என்பதையும் இங்கே நினைவில் வைத்தல் வேண்டும். எனினும் அதற்குமுன் அத்தகைய ஓவியம் அவ்விலைக்குக் கிடைத்ததில்லை.

இப்படங்கள் அச்சான முறை அறியத்தக்கது. கால்டிகாட் வழுவழுப்பான எழுதுதாளில் பேனாவால் மையிட்டு வரைவார். அவ்வரைவைப் புகைப்பட முறையால் மரக்கட்டையின்மேற் பதிப்பர். கட்டையோ எனின், பாக்சு என்னும் மிகக் கடினமான மரத்தைக் குறுக்கே அறுத்து மெருகிட்டது. எவன்ஸின் தொழிலாளர் கோட்டின் இருபுறமும் உள்ள மரத்தை நுண்ணிய உளியால் அகழ்ந்தெடுக்க, பேனா சென்ற வழி மட்டும் மேடாக நிற்கும். ஓவியன் நொடியில் இழுத்த ஒரு கோட்டைக் காத்தற்குச் செதுக்குவோன் நெடும்பொழுது குனிந்திருப்பான். இத்தலைக்கட்டையைக் கரும்பழுப்பு மையில் அச்சிட்டுக் கால்டிகாட்டிடம் அனுப்புவர். அவர் அத்தாளில் நீர்வண்ணந் தீட்டித் தருவார். அதனைப் பார்த்து, மேனிநிறம், சிவப்பு, நீலம், மஞ்சள், சாம்பல் என ஒவ்வொரு நிறத்திற்கும் தனித்தனிக் கட்டை வெட்டி, ஒன்றன்மேலொன்றாகப் பிறழாது பதித்தெடுப்பர். ஒரு மயிரளவு தாள் விலகினும் கன்னத்துச் சிவப்புக் காதில் ஏறிவிடும். ஆயிரக்கணக்கான படிகளில் இப்பிறழ்ச்சி நேராது காத்தவர் எவன்ஸும் அவர்தம் தொழிலாளருமேயாவர். அவருட் பெரும்பாலார் பெயர் எந்நூலிலும் இல்லை.

இனி அவருடைய கலையின் தனிச்சிறப்பு யாது என ஆராய்வோம். கால்டிகாட்டிற்குமுன் படம் பாட்டிற்குப் பின்னே நடந்தது. பாட்டில் பசு என்றால் படத்திற் பசு. பாட்டில் நிலா என்றால் படத்தில் நிலா. கால்டிகாட் இம்முறையை மாற்றினார். பாட்டுச் சொல்வதைப் படம் மீண்டும் சொல்லாது. பாட்டு நிறுத்திய இடத்திலிருந்து படம் தொடங்கும். இதற்கு ஒரு சான்று காட்டுவோம். ஆங்கிலக் குழந்தைப் பாட்டொன்றிற் பூனை பிடில் வாசிக்கும், பசு நிலவைத் தாண்டும், நாய்க்குட்டி நகைக்கும், ஈற்றில் தட்டு கரண்டியோடு ஓடிப்போகும். பாட்டு அவ்வளவோடு முடிந்தது. கால்டிகாட்டின் நூல் முடியவில்லை. தட்டும் கரண்டியும் காதலராய்ப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் படம் ஒன்று. அதற்கடுத்த படத்திற் சொல்லே இல்லை. தட்டு நொறுங்கிச் சில்லுச் சில்லாய்த் தரையிற் கிடக்கின்றது. கரண்டிப் பெண்ணை இருபுறமும் பற்றி அழைத்துச் செல்கின்றனர் அவள் பெற்றோர். பெற்றோர் யாவர்? முட்கரண்டியும் கத்தியும்! ஓடிப்போன காதலர் கதை எந்நாட்டிலும் எவ்வாறு முடியும் என்பதைப் பெரியோர் கண்டு நகைப்பர், பின் நகைப்படங்குவர். குழந்தையோ, தட்டு உடைந்ததே என்று வருந்தும். ஒரே படம் இருவர்க்கும் இருவேறு பொருள் தருகின்றது.

தமிழ்ப் பொருளிலக்கணம் பயிலும் நமக்கு இம்முறை முற்றிலும் புதிதன்று. வெளிப்படக் கூறாது கருப்பொருளின் புறத்தே தோன்றவைக்கும் இறைச்சியையும், உள்ளத்தே பொருளை மறைத்துவைக்கும் உள்ளுறையையும் நாம் வகுப்பிற் படித்துள்ளோம். குருகு ஒன்று ஆரல்மீனைப் பார்த்து நின்றது எனப் புலவர் கூறினால் அதற்குமேல் ஆயிரம் பொருள் கொள்கின்றோம். கால்டிகாட் சொல்லுக்கு மாறாகக் கோட்டை வைத்துக்கொண்டார், அவ்வளவே. வேறு வகையாற் கூறின், அவரை நச்சினார்க்கினியரோடும் ஒப்பிடலாம். மூலத்தில் இல்லாததைத் தாம் வேண்டியவாறு கொணர்ந்து கூட்டி உரைவகுக்கும் துணிவு இருவர்க்கும் உண்டு. ஆனால் கால்டிகாட்டின்மேல் மறுப்பு நூல் எழுதுவார் எவரும் தோன்றிலர்.

மற்றுமொரு சான்று. தந்தை வேட்டைக்குச் சென்று முயல்தோல் கொணர்ந்து மகவைப் போர்த்துவான் என்பது நான்கடித் தாலாட்டு. கால்டிகாட்டின் தந்தை சிவந்த முகமும் வேட்டைக்கோலமும் பூண்டு, நாயோடும் செருக்கோடும் புறப்படுகின்றான். காடெல்லாம் சுற்றியும் ஒரு முயலும் அகப்படவில்லை. பின்னர் என் செய்வான்? ஊருக்குள் வந்து கடையில் முயல்தோலை விலைக்கு வாங்குகின்றான்! இது பாட்டில் இல்லை. படத்தில் மட்டும் உளது. முடிவில், நீண்ட காதுகளோடு கூடிய அத்தோலைப் போர்த்த குழந்தை தாயோடு உலாவச் செல்கின்றது. மேட்டின்மேல் உயிருள்ள முயல்கள் சில நின்று நோக்குகின்றன. குழந்தை அவற்றைப் பார்க்கும் பார்வையில் ஒரு திகைப்பு. தான் போர்த்திருப்பது யாது, அதற்குமுன் அது யாருடையது என்னும் வினா அச்சிறுமுகத்தில் முதன்முதலாக எழுகின்றது. இரண்டு புள்ளியும் ஒரு வளைகோடுமே அம்முகம். விடை ஒன்றும் கூறாது நூல் அவ்விடத்தே நின்றுவிடுகின்றது.

கோடுகளைக் குறைப்பதைக் கால்டிகாட் ஓர் அறிவியலாகவே கருதினார். எதனை வரைவது என்பதினும் எதனை விடுவது என்பதே அவர்க்குப் பெருங்கவலை. ஒரு பக்கத்தில் வேண்டாத கோடு இராது. எஞ்சிய வெண்தாள் வயலாகவும் வானாகவும் தானே ஆகிவிடும். வண்ணப் பக்கங்கள் சிலவே. பழுப்பு மைக் கோட்டுப் பக்கங்கள் பல. வண்ணங் கண்டு தங்கிய கண் கோடு கண்டவுடன் ஓடும். இதனால் நூல் முழுதும் ஒரு நடை, ஒரு தாளம் உண்டாகின்றது. ‘ஜான் கில்பின்’ நூலில் இத்தாளம் உச்சநிலை எய்துகின்றது. அது 1782-இல் கூப்பர் என்னும் புலவர் இயற்றிய நகைச்சுவைக் கதைப்பாட்டு. நாமறிந்த ஆங்கில ஞானப்பாட்டுக்கள் சிலவற்றைப் பாடிய அக்கூப்பரே இவர். மனநோயால் வாடிய அவர்க்கு அன்புள்ள அம்மையார் ஒருவர் ஒரு வணிகனின் கதையைக் கூற, அவர் இரவெல்லாம் நகைத்துப் பாட்டாக்கினார். திருமண நாட்கொண்டாட்டத்திற்கென இரவற்குதிரை ஏறிய துணிவணிகன் ஒருவனை அக்குதிரை நிறுத்தற்கரிய வேகத்தோடு ஊர்கடந்து சுமந்து செல்கின்றது. தொப்பி பறக்க, பொய்மயிர் பறக்க, இடையிற் கட்டிய புட்டிகள் உடைய, வாத்துக்கள் சிதற, நாய்கள் குரைக்க, மகளிர் கதவருகே நின்று கைவிரிக்கக் கில்பின் பறக்கின்றான். நோயாளியாகிய புலவர் பாடிய ஓட்டத்தை, நூறாண்டு சென்றபின், நெஞ்சுநோயால் ஓட இயலாத மற்றொருவர் இவ்வளவு வேகத்தோடு எழுதினார் என்பதை நினைக்குந்தோறும் நமக்கு வியப்பே.

கால்டிகாட்டின் பதினாறு நூலும் ஒருதரத்தன என்று கூற நாம் ஒருப்படோம். வேட்டைப் படங்கள் அளவிறந்து வருகின்றன. சிவப்புச் சட்டை வீரர் மூவர் எப்பக்கத்தைத் திருப்பினும் குதிரைமேல் எதிர்ப்படுவர். இளமங்கையர் முகங்கள் பல ஒரே அச்சில் வார்த்தவை போன்றன. இதனினும் பெரிய குறையொன்று உண்டு. மாஞ்செஸ்டரில் ஐந்தாண்டு வாழ்ந்தவர் அந்நகரத்துக் குழந்தையை ஒருமுறையேனும் தம் நூலுள் விட்டிலர். ஆலைப்புகையும், குறுந்தெருவும், வெறுங்காலும் ஆங்கில நாட்டில் இல்லவேயில்லை என்னுமாறு, பதினெட்டாம் நூற்றாண்டு உடையணிந்த செல்வர்களும் களிப்புமிக்க உழவர்களும் பசும்புல்வெளியில் உலாவுகின்றனர். அக்குழந்தைகளுக்கும் ஒரு பசும்புல்வெளி வேண்டும் என்று கருதி அவ்வாறு எழுதினார் எனச் சிலர் விடை கூறலாம். அவ்விடையில் ஓரளவு உண்மையும் இருக்கலாம்.

எவன்ஸின் அச்சுக்கூடத்தில் உருவான மற்றோர் ஓவியர் கேட் கிரீனவே அம்மையார். இவரும் கால்டிகாட்டும் ஒரே ஆண்டில், ஒரே திங்களில், ஐந்து நாள் இடைவெளியிற் பிறந்தவர்கள். கிரீனவேயின் குழந்தைகள் கஞ்சியிட்ட உடையோடும் மலர்மாலையோடும் அசையாது நிற்பர். அவர்களைத் தொடவும் நாம் அஞ்சுவோம். கால்டிகாட்டின் குழந்தைகள் விழுவர், எழுவர், சேறாவர், சண்டையிடுவர். அக்காலத்து அன்னையர் கிரீனவேயின் படங்களைப் பார்த்துத் தம் மக்களுக்கு உடை தைத்தனர். மக்களைக் கேட்டிருந்தால் எந்நூலைத் தெரிந்தெடுத்திருப்பர் என்பதில் நமக்கு ஐயமில்லை.

இறப்பையும் இழப்பையும் குழந்தைகளிடமிருந்து அவர் மறைத்திலர் என்பதையும் ஈண்டுக் கூறுதல் தகும். தவளை மணம்பேசப் போன பாட்டில், நேர்த்தியாக உடுத்துப் புறப்படும் அத்தவளையாரை ஈற்றில் வாத்து விழுங்கிவிடும். கால்டிகாட் அதனை மழுப்பாமல் எழுதினார். காட்டிற் கைவிடப்பட்ட குழந்தைகளின் கதையிலும் அவ்வாறே. நகைச்சுவை மிக்கவர் இவர் என்று மட்டும் எண்ணி அந்நூலைத் திறப்போர் சற்றுத் திடுக்கிடுவர்.

1880-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கால்டிகாட் மேரியன் பிரிண்டு என்னும் மங்கையாரை மணந்து, கெண்டு நாட்டுப்புறத்தில் இல்லறம் நடத்தினார். நாடெங்குமுள்ள குழந்தைகளை மகிழ்வித்த அவர்க்கு மக்கட்பேறு இல்லை. நூலோவியம் மட்டுமன்றிச் செய்தியிதழ்ப் படங்களும், யூயிங் அம்மையாரின் கதைகளுக்குப் படங்களும், தம் உடன்பிறந்தார் ஆல்பிரெடு மொழிபெயர்த்த ஈசாப்புக் கதைகளுக்குப் படங்களும் ஓயாது எழுதிவந்தார். குளிர்காலந்தோறும் நோய் மிகும். ஆதலின் மத்தியதரைக் கடற்கரை நாடுகளுக்குச் சென்று தங்குவார். அங்கும் பேனா ஓயாது.

1885-இல் வெளிவந்த இறுதி நூல்களுள் ஒன்றாகிய ‘பெரிய பாஞ்சாண்ட்ரம்’ கல்லூரி மாணவராகிய நாம் அறிந்து இன்புறத்தக்கது. ஒருமுறை கேட்டதை அப்படியே ஒப்புவிப்பேன் என்று பெருமை பேசிய நடிகர் ஒருவரை மடக்குதற்காகச் சாமுவேல் பூட் என்பவர் பதினெட்டாம் நூற்றாண்டில் இயற்றிய பொருளற்ற உரைத்துணுக்கு அது. ஒரு வாக்கியத்திற்கும் அடுத்த வாக்கியத்திற்கும் தொடர்பே இராது. பொருளற்றதற்குப் படம் எழுதுவது எப்படி? கால்டிகாட் அப்பெயர்பெற்ற பெருமகனைப் பட்டம்பெற்ற பள்ளித் தலைவராக்கி, சதுரத் தொப்பியும் நீண்ட அங்கியும் அணிவித்துவிட்டார்! பட்டமளிப்பு நாட்களில் நம் கண்முன் செல்லும் ஊர்வலத்தை நினைத்துக்கொண்டு அப்படத்தை நோக்கற்க என்று மட்டும் நண்பர்கட்கு எச்சரிக்கை கூறி மேற்செல்கின்றோம்.

அவ்வாண்டின் இலையுதிர்காலத்தில் மனைவியாரோடு அமெரிக்காவிற்குக் கப்பலேறினார். அந்நாட்டுக் காட்சிகளை எழுதி லண்டன் இதழொன்றிற்கு அனுப்புவதும், புளோரிடாவின் வெயிலில் உடல்நலம் பெறுவதும் அவர் நோக்கம். கடற்பயணம் துன்பம் விளைத்தது. வெயிலை நாடிச் சென்ற அவ்விடத்தில் அக்குளிர்காலம் வழக்கத்திற்கு மாறாகக் கடுமையாயிருந்தது. 1886-ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்கள் 12-ஆம் நாள் செயின்ட் அகஸ்டீன் என்னும் ஊரில் கால்டிகாட் உயிர்நீத்தார். நாற்பதாம் பிறந்தநாளுக்கு இன்னும் ஆறு வாரத்திற்கும் குறைவே இருந்தது. ஆண்டுதோறும் இரு நூல் எதிர்நோக்கிப் பழகிய குழந்தைகளுக்கு அவ்வாண்டுக் கிறிஸ்துமஸில் புதுநூல் வரவில்லை.

அவர் விதைத்தது வேறிடங்களில் முளைத்தது. லண்டனில் ரூபர்ட்டு பாட்டர் என்னும் செல்வர் கால்டிகாட்டின் மூல ஓவியங்கள் சிலவற்றை விலைக்கு வாங்கித் தம் இல்லத்தில் வைத்திருந்தார். அவற்றைப் பார்த்து வளர்ந்த அவர் மகள் பியாட்ரிக்ஸ் பின்னர் முயற்கதை எழுதி உலகப் புகழ் பெற்றார்; 1906-இல் அவர் ஆக்கிய தவளைக் கதையின் நாயகனைக் காண்போர்க்குக் கால்டிகாட்டின் தவளையார் நினைவிற்கு வருவர். அமெரிக்காவில் பிரெடெரிக் மெல்ச்சர் என்பவரின் முயற்சியால் ஆண்டின் சிறந்த குழந்தைப் படநூலுக்கெனக் கால்டிகாட் பெயரால் ஒரு பதக்கம் நிறுவப்பட்டு, 1938 முதல் அமெரிக்க நூலகக் கழகத்தால் வழங்கப்பட்டு வருகின்றது. அதன் ஒரு முகத்தில் கில்பினின் குதிரை ஓடுகின்றது. மறுமுகத்தில் பணியாரத்துள் வைத்த கரும்பறவைகள். 1964-இல் அப்பதக்கம் பெற்ற மாரிஸ் செண்டாக்கு என்னும் ஓவியர், இக்காலப் படநூல் கால்டிகாட்டிடமே தொடங்குகின்றதெனக் கட்டுரை வரைந்து, நாம் மேலே காட்டிய முயல்தோற் குழந்தையின் பார்வையையும் அதில் ஆராய்ந்துள்ளார்.

கால்டிகாட்டின் உடல் புளோரிடாவிலேயே அடக்கஞ் செய்யப்பட்டது. லண்டன் மாநகரில் செயின்ட் பால் பேராலயத்தின் நிலவறையில், ஆல்பிரெடு கில்பர்ட்டு என்னும் சிற்பி அமைத்த நினைவுச்சின்னம் ஒன்றுளது. படைத்தலைவர் நெல்சன், வெல்லிங்டன் முதலியோரின் பெருங்கல்லறைகள் நிறைந்த அவ்விடத்தே, பிரிட்டனி நாட்டு உடையணிந்த சிறுகுழந்தையொன்று அவர் முகம் பொறித்த வட்டத்தைத் தன் கைகளில் ஏந்தி நிற்கின்றது.